60 பிஎஸ்ஐ அடித்தால் டயர் உட்கார்ந்துவிடுமா?

மலைச்சக்கரம்:
"எம்டிபி (மலைச் சைக்கிள்) டயர் ஒரு பக்கம் உள்வாங்கி நிக்குதா? 60 பிஎஸ்ஐ அடிங்க, டப்புனு உட்காரும்" என்று கியர்மணி எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு; உட்காருவது என்றால் டயர் ரிம்மில் சுற்றிலும் சீராகப் பொருந்துவது. டயரின் பக்கச்சுவரைப் படிங்க சார். 2.4 அங்குல டயர்களில் பலவற்றில் 50தான் உச்சம், சிலதில் 40, 35கூட. ரிம்முக்குத் தனி வரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ அதோடு நிறுத்தணும்.

பீட், அதாவது டயரின் உள்விளிம்பு, ரிம்மின் நடுப்பள்ளத்திலேயே ஒட்டிக்கிடக்கு, காய்ந்த ரப்பர் வழுக்கி மேலே ஏற மாட்டேங்குது. அவ்வளவுதான் விஷயம். காற்றை முழுக்க இறக்கி, உள்வாங்கின இடத்தில் இரண்டு பக்க பீட்டிலும் சோப்புத்தண்ணி தடவி, 10 பிஎஸ்ஐ மட்டும் ஏத்தி, அந்த இடத்தைக் கையால் வெளியே இழுத்துவிடுங்க. பிறகு மெதுவா உச்ச அளவு வரை. பீட்டுக்கு மேலே டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது ரிம் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் உட்கார்ந்தாச்சு.

கியர்மணி:
ரோடு டயர் 100 பிஎஸ்ஐ தாங்குது. எம்டிபி டயர் 60 தாங்காதா? ஒரு நிமிஷம்தானே, உட்கார்ந்ததும் இறக்கிடலாம்.

மலைச்சக்கரம்:
தாங்காது. டயர் அகலமாக ஆக, அதே அழுத்தத்தில் பீட்டை வெளியே இழுக்கும் விசையும் கூடும். 1 அங்குல டயரின் கணக்கை 2.4க்குப் போடக்கூடாது. ஹூக் (பீட்டைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு) இல்லாத ரிம்மில் டயர் தெறித்து வெளியே வர ஒரு நொடி போதும், ஒரு நிமிஷம் எதுக்கு?

பின்கம்பி:
இரண்டு பேரும் சோப்பு, காற்று என்றே நிற்கிறீர்கள். ரிம்மில் கோட்டம் இருந்தாலும் டயர் ஆடும். முதலில் கோட்டம் எடுங்க.

மலைச்சக்கரம்:
சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சட்டத்தில் விரலை ஊன்றி ரிம் ஓரத்தைப் பாருங்க. ரிம் நேரா ஓடி டயர் மட்டும் குதித்தால் கோட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. முன்பு இங்கே நடந்த ஸ்போக் (சக்கரக் கம்பி) விவாதத்திலும் எதைக் கேட்டாலும் "கோட்டம்" என்றுதான் எழுதினீர்கள்.

பின்கம்பி:
ஸ்போக் விவாதத்தில் தப்பு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அதுபோக, பாத்திரம் கழுவும் சோப்பில் உப்பு இருக்கும், அலுமினிய ரிம்மை அரிக்கும்.

மலைச்சக்கரம்:
நிறையத் தண்ணியில் சில சொட்டு, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பது. இதில் என்ன அரிக்கும்? எண்ணெய், மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

கியர்மணி:
சோப்பு போட்டும் ஏறலைன்னா? அப்போ 60தானே வழி?

மலைச்சக்கரம்:
இல்லை. திரும்ப 60க்கே வராதீங்க. வால்வுக்குப் பக்கத்தில் உள்வாங்கியிருந்தால் டியூப் பீட்டுக்கு அடியில் சிக்கியிருக்கு. வால்வை உள்ளே அழுத்தி, டயரை அங்கே அசைத்து டியூபை விடுவிங்க. அப்படியே 60 அடித்தால் டியூப்தான் வெடிக்கும். ட்யூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) என்றால் ரிம்மின் நடுப்பள்ளத்தை மூடி ஒட்டும் ரிம் டேப்பைப் பாருங்க. இரண்டு மூன்று சுற்று ஒட்டியிருந்தால் நடுப்பள்ளம் மேடாகி, பீட் ஏறும் இடமும் இறுகிப்போகும். ஒரு சுற்று போதும், வால்வு துளையில் மட்டும் நாலு விரல் அகலம் மேலே ஏறலாம். வால்வு கோரை (வால்வுக்குள் இருக்கும் ஊசிப்பகுதி) கழற்றி அடித்தால் காற்று ஒரேயடியாகப் பாயும், குறைந்த அழுத்தத்திலேயே பீட் ஏறும்.

பின்கம்பி:
ஒரு சுற்று டேப் கசியும். இரண்டு சுற்றுதான் சரி.

மலைச்சக்கரம்:
துடைக்காத ரிம்மில் ஒட்டினால் பத்து சுற்றும் கசியும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டணும்.

கியர்மணி:
60 அடித்து உட்கார்ந்த டயர் நிறைய இருக்கு.

மலைச்சக்கரம்:
அந்த டயர்களில் அச்சிட்டிருக்கும் எண் என்ன? அதை மட்டும் எழுதுங்க.

கியர்மணி:
எண்ணைப் பார்த்து யார் காற்று அடிக்கிறாங்க?