மாகுரி பீல் மாண்டரின் வாத்து: வலசை வந்ததா, கூண்டிலிருந்து தப்பியதா?

ஆள்காட்டி:
அசாமில் தின்சுகியா மாவட்டத்து மாகுரி-மோட்டாபுங் பீலில் (பீல் என்றால் அசாமில் ஏரி போன்ற ஈரநிலம்) 2021 பிப்ரவரியில் ஒரு ஆண் மாண்டரின் வாத்து வந்தது. “கிழக்காசியாவுல இருந்து இவ்ளோ தூரமா வரும்? யாரோ வளர்த்தது பறந்து போயிருக்கும்” என்று வேறொரு திரியில் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே தின்சுகியா பக்கம் 1902-லேயே இந்த வாத்து பதிவாகியிருக்கு. அப்புறம் 2013-ல் மணிப்பூர் லோக்டாக் ஏரி, 2014-ல் மானஸ் பக்கம் பக்சா மாவட்டத்து சாத்வோய்னி பீல். எல்லாமே வடகிழக்கு. ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் வடகிழக்குச் சீனாவிலும் குஞ்சு பொரித்து, தென்கிழக்குச் சீனாவில் குளிர்காலம் கழிக்கும் பறவை வழி தவறினால் முதலில் தலைகாட்டக்கூடிய இடம் அதுதானே? ஃபால்கேட்டட் வாத்தும் கிழக்காசியாவில் இருந்து அசாம் பீல்களுக்கு வருது. அதை யாரும் சந்தேகிக்கிறதில்லை.

நீர்க்காகம்:
சந்தேகிக்காததுக்குக் காரணம் இருக்கு. ஃபால்கேட்டட் வாத்தை அழகுக்காக வளர்ப்பவர்கள் குறைவு. மாண்டரின் உலகம் முழுக்க வளர்க்கப்படும் அலங்கார வாத்து. 2018 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்தில் வந்து ஊரையே கூட்டியதும் ஆண் மாண்டரின்தான். காலில் வளையம் இருந்தது. பிரிட்டனில் இன்று காட்டில் பெருகியிருக்கும் கூட்டமே தப்பியவையும் திறந்துவிட்டவையும் விட்டுச்சென்ற வாரிசுகள். 1902 பதிவு 1902-ல் வந்த பறவைக்குத்தான் சாட்சி. அப்புறம் நீங்க சொல்ற வரைபடம்: மாகுரி, லோக்டாக், மானஸ் மூன்றுமே பறவை பார்ப்பவர்கள் தேடிப்போகும் இடங்கள். ஆள் போகும் இடத்தில் பதிவு விழும். அதை வலசைப் பாதை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உப்பளம்:
இரண்டு பேரும் வரைபடத்தை வைத்தே வாதாடுறீங்க. பறவை உடம்பில் என்ன எழுதியிருக்கு என்று பார்க்கணும். இதுபோன்ற வாத்து எங்கே வந்தாலும் நெஞ்சும் முதுகில் பாய்மரம்போல நிமிர்ந்து நிற்கும் இறகும் தெரியுற அழகான பக்கவாட்டுப் படம் நூறு வரும். கால் தெரியும் படம் ஒன்றுகூட இருக்காது.

நீந்தும்போது கால் தெரியாது. மாண்டரினுக்கு மரக்கட்டையிலும் தாழ்ந்த கிளையிலும் ஏறி நிற்கும் பழக்கம் உண்டு, அதற்குக் காத்திருங்க. இரண்டு காலையும் தனித்தனியாக எடுங்க. வளையம் ஒரு காலில் மட்டும் இருக்கலாம், சேறு மூடியிருக்கலாம். மூட்டு இல்லாத முழு வளையம் என்றால், குஞ்சாக இருக்கும்போதே வளர்ப்பவர் மாட்டியது. பெரிய பறவையின் பாதத்தில் அது நுழையாது. எழுத்தும் எண்ணும் பொறித்து, மூட்டுத் தெரியும் உலோக வளையம் என்றால் ஆய்வுக்குப் போட்டதாக இருக்கலாம். எண்ணைப் படித்து பி.என்.எச்.எஸ்.-க்கு (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) அனுப்புங்க.

அடுத்தது பின்விரல். சில இடங்களில் வளர்ப்பு வாத்துக்கு அடையாளமாக அதை நறுக்கிவிடுவார்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வேணும்.

முக்கியமானது சிறகு. இறகு கோதி முடித்ததும் ஒரு பக்கச் சிறகை விரித்து நீட்டும். அந்த இரண்டு நொடிக்காக கேமராவைத் தொடர்ந்து படமெடுக்கும் பர்ஸ்டில் வைத்திருங்க. பறக்கும்போது என்றால் ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக்கூடாது. வெளிப்பக்க இறகுகள் கத்தரித்ததுபோல ஒரே நேர்கோட்டில் முடிந்தால் வெட்டியது. நுனிகளும் வாலும் நார்நாராகப் பிரிந்திருந்தால் கம்பிவலையில் உரசிய பறவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய இறகும் வெயிலில் தேயும். அதனால் இரண்டு சிறகையும் ஒப்பிடாமல் தீர்ப்பு சொல்லாதீங்க.

ஆள்காட்டி:
நல்ல விளக்கம். பருவத்தையும் சேர்த்துக்கோங்க. காட்டு ஆண் கோடையில் ஒளிர்நிறம் இழந்து பெட்டை மாதிரி ஆகும், இலையுதிர்காலத்தில் மறுபடி முழு அலங்காரம் வந்துவிடும். பிப்ரவரியில் முழு நிறத்தில் இருந்தது சரியாகப் பொருந்துது. அறிவியல் வழியும் இருக்கு. 2005-ல் டென்மார்க்கில் சுடப்பட்ட இளம் பைக்கால் கிளுவை என்ற சைபீரிய வாத்தின் இறகில் ஐசோடோப்பு (இறகு முளைத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அணு வகைகள்) அளந்தார்கள். முதலில் முளைத்த இறகுகள் சைபீரியாவோடும், பிறகு முளைத்தவை மேற்கு ஐரோப்பாவோடும் பொருந்தின. தப்பிய பறவையாக இருக்கலாம் என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

நீர்க்காகம்:
பிப்ரவரியில் கூண்டில் இருக்கிற ஆணும் அதே நிறத்தில்தான் இருக்கும் சார். பருவம் தவறியிருந்தால் சந்தேகம் கூடும்; சரியாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. வளையம் இல்லாததும் அப்படித்தான், நம்ம ஊரில் விற்பவர்களில் எத்தனை பேர் வளையம் போடுறாங்க? ஆளைக் கண்டால் ஓடுவதை வைத்தும் சொல்ல முடியாது. தப்பியது சில வாரத்தில் மிரளப் பழகும், காட்டுப் பறவை பூங்காக் குளத்தில் சோற்றுக்குப் பழகும். ஐசோடோப்பு மட்டும்தான் உங்கள் பக்கம் நிற்கக்கூடிய சாட்சி, அதற்கு இறகு வேணும்.

உப்பளம்:
கரையில் உதிர்ந்த இறகு கிடந்தாலும் வனத்துறையிடம் கேட்காமல் பையில் போட்டுக்கொள்ளாதீங்க. மாகுரி திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவை ஒட்டிய இடம். கிடந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தகவல் சொல்லுங்க. இன்னொன்று, 2020 மே 27-ல் பக்கத்து பாக்ஜானில் எரிவாயுக் கிணறு வெடித்து, ஜூன் 9-ல் தீப்பிடித்து, எண்ணெய்ப் படலம் படிந்த நீர் அது. அடுத்த குளிர்காலத்திலேயே இந்த வாத்து வந்து மேய்ந்தது. எங்கிருந்து வந்தது என்று சண்டை போடும் நாம் படகை அதன் மேலேயே ஓட்டக்கூடாது.

ஆள்காட்டி:
அது சரி. ஆனால் நீர்க்காகம், உங்கள் அளவுகோலை வைத்தால் எந்த மாண்டரினும் எங்கேயும் காட்டுப் பறவை ஆகாதே? நாளைக்கு பள்ளிக்கரணையில் ஒன்று இறங்கினால் நானே தப்பியது என்றுதான் சொல்வேன். பக்கத்தில் பறவைக் கடைகள், இதற்குமுன் அங்கே பதிவு கிடையாது, வலசைத் திசையும் இல்லை. மாகுரிக்கு இது மூன்றும் எதிர்மாறு. இடத்துக்கு இடம் கணக்கு மாறணும்.

நீர்க்காகம்:
மாறட்டும், அதை மறுக்கலை. இயல்பான வரவு என்று அடித்துச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில் 2022-லிருந்து அயல் பறவைகளுக்கு மூன்று வகை இருக்கு: நிலைபெற்றது, உறுதியாகாதது, தப்பியது. தப்பியது என்று குறித்தால் உங்கள் மொத்தக் கணக்கில் சேராது, உறுதியாகாதது சேரும். என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. மாகுரியில் அந்த வாரம் எடுத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், பளிச்சென்று இருப்பதைத் தேர்ந்தெடுக்காமல், கட்டையில் ஏறி நின்ற எல்லா ஃப்ரேமையும் வெட்டாமல் ஏற்றுங்க. இரண்டு காலும் வளையமில்லாமல், பின்விரலோடு, இரண்டு சிறகும் ஒரே மாதிரி இருக்கும் படம் வந்தால் ஒரு படி ஆள்காட்டி பக்கம் வருவேன்.