தோட்டத்து ஸ்டோரில் கிடைத்த பழைய தீயணைப்பு பம்ப்: எந்தக் காலத்தது?

கந்தப்பளை வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) பின்கொட்டகையைச் சென்ற வாரம் துப்புரவு செய்தபோது, இரண்டு சக்கரங்களின் மேல் பொருத்தப்பட்ட, லொறியின் பின்னால் கட்டி இழுக்கும் வகையைச் சேர்ந்த தீயணைப்பு பம்ப் ஒன்று சாக்குகளுக்கு அடியில் அகப்பட்டது. சிவப்புப் பூச்சு பெரும்பாலும் உரிந்துவிட்டது. தகட்டில் ‘கவென்ட்ரி கிளைமாக்ஸ்’, ‘கொடைவா’ என்ற இரு பெயர்களை மட்டுமே படிக்க முடிகிறது. பழைய இரும்புக்காரர் அதற்குள் விலை பேசத் தொடங்கிவிட்டார். இது எந்தக் காலத்தது? நகரத்தில் இருக்க வேண்டிய பொருள் தோட்டத்துக்கு ஏன் வந்தது? மறுபடியும் ஓடவைக்க முடியுமா?

ஹட்டன் மெக்கானிக்:
தம்பி, முதலில் இரும்புக்காரரை அனுப்பிவிடுங்கள். கவென்ட்ரி என்பது இங்கிலாந்தில் உள்ள நகரம். அந்நகரத்துப் பழங்கதையில் வரும் சீமாட்டியின் பெயர்தான் கொடைவா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இழுவை பம்புகளை ஆயிரக்கணக்கில் செய்தவர்கள் கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தார். அவை வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்டவை, கனமானவை. 1950ஆம் ஆண்டு முற்றிலும் வேறான ஓர் எஞ்சினை வெளியிட்டார்கள்: அலுமினிய உடல், 1020 கன சென்றிமீற்றர் கொள்ளளவு, ஏறத்தாழ 38 குதிரைவலு, தலைப்பகுதியில் கேம் தண்டு (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). நாலு பேர் தூக்கிச் செல்லக்கூடிய பம்புக்காகச் செய்த அந்த எஞ்சின் அத்தனை இலேசாகவும் வேகமாகவும் இருந்ததால், அதை 1098 கன சென்றிமீற்றராகப் பெருக்கிப் பந்தயக் கார்களில் பூட்டினார்கள். லோட்டஸ், கூப்பர் கார்களெல்லாம் அதைக்கொண்டு ஓடியிருக்கின்றன. தீயணைப்பு பம்ப் ஒன்று பந்தயத் திடலுக்குப் போன கதையை நான் பட்டறைப் பையன்களிடம் சொன்னால் இன்றும் நம்புவதில்லை.

ஆகவே ஒரு காந்தத்தை எடுத்து எஞ்சினின் உடலில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் 1950க்கு முந்தியது, ஒட்டாவிட்டால் பிந்தியது.

கண்டி ஆசிரியை:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். இலங்கையில் தீயணைப்பு என்பது உள்ளூராட்சி மன்றங்களின் பணியாகவே வளர்ந்தது. கொழும்பும் கண்டியும் 1865ஆம் ஆண்டின் சட்டத்தின்படி மாநகர சபைகளாயின. தோட்டங்களோ அந்த எல்லைகளுக்கு வெளியே கிடந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்த பின்னரும், அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை வழங்குவதைத் தடுத்தே வந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டம் தன் நெருப்பைத் தானே அணைத்துக்கொள்ள வேண்டியிருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஸ்டோரில் தீக்குக் காரணங்களும் குறைவில்லை. கீழே விறகு எரியும் சூளை, மேலே மரப்பலகைத் தளங்களில் கொழுந்து வாட்டும் மாடி, எங்கும் படிந்திருக்கும் தேயிலைத் தூசி. ஆகவே நிர்வாகங்கள் பம்ப் வாங்கிவைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஸ்டோரோடு நின்றுவிட்டதையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல வீடுகள் இருப்பதால், ஒரு காம்பராவில் (அறையில்) பிடித்த நெருப்பு கூரை வழியே கடைசி வீடுவரை ஓடிவிடும். குறுகிய தெருக்களுக்கென்றே 1950களில் டெனிஸ் நிறுவனம் ஆறரை அடி அகலத்தில் எஃப்8 என்ற தீயணைப்பு வண்டியைச் செய்தது. அப்படிப்பட்ட வண்டி வந்தாலும்கூட, படிக்கட்டு வழியாக மட்டும் போகக்கூடிய நம் லயங்களை எட்டியிராது.

கந்தப்பளை வாசகன்:
ஆசிரியை அவர்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி. காந்தம் எஞ்சின் உடலில் ஒட்டவில்லை. சட்டத்திலும் சக்கரத்திலும் மட்டுமே ஒட்டியது. பம்பைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துவிட்டோம். ஸ்டோருக்குக் கீழே ஓடும் ஆற்றிலிருந்து, ஏழு மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் இழுத்துப் பார்க்கலாமா?

ஹட்டன் மெக்கானிக்:
அப்படியானால் அது பந்தய எஞ்சினுக்கு அண்ணன்தான்! ஆனால் ஏழு மீற்றரை மறந்துவிடுங்கள். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, காற்றழுத்தம் தான் அதை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் கணக்குப்படி 10.3 மீற்றர்வரை தள்ளும், நடைமுறையில் ஏழரை மீற்றர் கிடைத்தால் பெரிது. நுவரெலியா நகரின் 1868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் கணக்கே 8.2 மீற்றராகச் சுருங்கும். உங்கள் பக்கமும் அதே நிலைதான். எஞ்சினும் அதே மெல்லிய காற்றைத்தான் குடிப்பதால் வலுவும் அந்த அளவுக்குக் குறையும். ஐந்து மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு இன்னொரு வழியும் உண்டு: பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் (கிட்டத்தட்ட கடல் மட்டக் காற்றழுத்தத்தின் அளவு) அழுத்தம் கிடைப்பதால், ஸ்டோருக்கு மேலே ஐம்பது மீற்றரில் ஒரு தொட்டி இருந்தால் பம்பே இல்லாமல் ஹோஸில் நல்ல பாய்ச்சல் வரும்.

எஞ்சினை உடனே கைப்பிடியால் சுற்ற வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் (அஸ்பெஸ்டோஸ்) இருக்கக்கூடும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுங்கள். ஹோஸ் பூட்டும் வாயில் அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் இரண்டரை அங்குல ஆங்கிலேய இணைப்பா, மரையா என்று பார்த்துப் படத்துடன் எழுதுங்கள்.