பாத்தேக் வகுப்பு: சாயம் மெழுகுக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது

கேள்வி (கலை டீச்சர், சுங்கை சிப்புட்)
வணக்கம். படிவம் 2, மொத்தம் 24 பிள்ளைகள். பாத்தேக், அதாவது மெழுகால் கோடு போட்டுத் துணிக்குச் சாயமிடும் கலை, செய்கிறோம். கோடு போடுவது சாந்திங் என்ற, மெழுகு ஊற்றும் மூக்குள்ள சிறு கருவியால். சாயம் கோட்டைத் தாண்டிப் பரவுகிறது. சிலருக்கு அலசியதும் நிறமே வெளுத்துவிடுகிறது. டவுன் ஜவுளிக்கடை வெள்ளைத் துணி, ரெமசோல் சாயம். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1
டீச்சர், முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். கோடு பின்பக்கமும் கண்ணாடி மாதிரி தெரிந்தால் மெழுகு இறங்கியிருக்கிறது. மேலே மட்டும் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நின்றால் சூடு போதவில்லை, சாயம் அடியில் புகுந்துவிடும். கோடு தானாக அகன்றால் சூடு அதிகம். புகை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் மூடி போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. பிள்ளைகளுக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்சாரச் சட்டிதான் நல்லது.

சாந்திங்கில் பாதியளவு மெழுகு போதும். மொண்டதும் அடிப்பக்கத்தைப் பழந்துணியில் ஒற்றிவிட்டுக் கோடு இழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சொட்டும். சாந்திங்கின் மூக்கு அடைத்தால் அதைச் சூடான மெழுகிலேயே சற்று முக்கி வையுங்கள், வாயால் ஊதவிடாதீர்கள். துணி சட்டத்தில் விறைப்பாக, மேசையில் படாமல் இருக்க வேண்டும். சாயத்துக்கு முன் சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோட்டில் விட்டுப்போன இடம் தெரியும். ஊசிமுனை அளவு இடைவெளி போதும், செம்பருத்திப் பூவின் சிவப்பு இலைக்குள் வந்துவிடும்.

பதில் 2
தூரிகையைக் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் முன்னாலேயே நிறுத்தணும். மீதித் தூரத்துக்குச் சாயம் தானே ஊறிப்போகும்.

நிறம் போவதற்குப் பெரும்பாலும் துணிதான் காரணம். ரெமசோல் பருத்தியில், ரேயானில், பட்டில் பிடிக்கும், பாலியெஸ்டரில் பிடிக்காது. ஒரு நூலை நீங்களே கொளுத்திப் பாருங்க டீச்சர். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் கெட்டி மணியாக உருளும். பருத்தி என்றாலும் கஞ்சி போக வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைச்சிடணும்.

சாயம் நன்றாகக் காய்ந்த பிறகு, நிறம் நிலைக்கத் துணி முழுக்க சோடியம் சிலிக்கேட் தடவி இரவு முழுக்க விடுங்க. ஈரத்தில் தடவினால் நிறங்கள் கலங்கிடும். மத்தியான மழை நாளில் காற்றாடி போட்டுக் காயவிடுங்க. மறுநாள் வழவழப்புப் போகும்வரை பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் கொதிநீரில் மெழுகை எடுக்கணும். சோடியம் சிலிக்கேட் காரத்தன்மை (alkali) உள்ளது, ரப்பர் கையுறை கட்டாயம். சாயத்தூளைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க. முகக்கவசம் போட்டு நீங்களே கரைச்சு வைங்க.

கேட்டவர்
நூல் மணியாகத்தான் உருண்டது! துணியை மாற்றிவிடுகிறேன். மெழுகு எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாமா?

பதில் 1
வேண்டாம் டீச்சர், குழாய் அடைத்துவிடும். ஆறவிட்டால் மெழுகு மேலே மிதந்து இறுகும். அதை அள்ளி நன்றாக உலர்த்தி மறுபடி உருக்கலாம். ஈரத்தோடு சட்டியில் போட்டால் தெறிக்கும்.