புதுப்பிப்பு: முதன்மை வகையை மாற்றிய பிறகு

பிளம்பிங் வேலை செய்யும் என் தம்பியின் கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்கு (கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் தொழிலைக் காட்டும் பக்கம்) எந்தத் தொழில் வகையை முதன்மையாக வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். அப்போது ‘பொது ஒப்பந்ததாரர்’ என்று இருந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘பிளம்பர்’ என்று மாற்றிவிட்டோம்.

இப்போது வரும் அழைப்புகளே வேறு. முன்பெல்லாம் வீடு கட்டித் தருவீர்களா என்று கேட்பார்கள். இப்போது கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது, உடனே வர முடியுமா என்கிறார்கள். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

முதன்மை வகை ஒன்றுதான். கூடுதலாக 9 வரை சேர்க்கலாம். கிடைத்ததையெல்லாம் சேர்க்கச் சொன்ன யோசனையை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. தொழிலைச் சொல்லும் வகைகளைக் குறைவாக, குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் கூகுளின் வழிகாட்டுதலும். அதனால் வடிகால் அடைப்பு நீக்கும் சேவையை மட்டும் சேர்த்தோம், அது அவன் தினமும் செய்யும் வேலை. ஹீட்டர் பொருத்துவது, குழாய் மாற்றுவது எல்லாம் ‘சேவைகள்’ பகுதிக்குப் போய்விட்டன. எப்போதாவது செய்யும் வேலைக்குத் தனி வகை எதற்கு?

அப்புறம் ஒன்று. வகையை மாற்றினால் சில சமயம் தொழில் உங்களுடையதுதானா என்று கூகுள் மறுபடி சரிபார்ப்பு கேட்கும், தயாராக இருங்கள். தேடுபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும் என்பதால் வகை சரியாக இருந்தாலும் எல்லாப் பகுதியிலும் தேடல் முடிவுகளில் மேலே வரமாட்டோம். அடுத்து, வேலை முடித்த வாடிக்கையாளர்களிடம் விமர்சனம் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.