கனடா பி.ஆர் காட் முடிந்துவிட்டது, அம்மா திரும்பிப் போகலாமா?

கொக்குவில் மகள்:
அம்மாவுக்குக் கனடா பி.ஆர் (நிரந்தர வதிவுரிமை) கிடைத்துப் பத்து வருடத்துக்கு மேல். சிட்டிசன்ஷிப் எடுக்கவில்லை, இலங்கைப் பாஸ்போட்தான். அப்பாவுக்குப் பாரிசவாதம் என்று வந்தவர், இரண்டரை வருடமாக இங்கேயே நிற்கிறார். இப்போது காட் காலாவதி. "பி.ஆர் போய்விட்டது, கைவிடுகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு விசிட்டர் விசா போடுங்கள்" என்கிறார் இங்குள்ள ஏஜென்ட் ஒருவர். வைக்கலாமா? தம்பி அங்கே சிட்டிசன்.

சுன்னாகத்தான்:
தம்பி சிட்டிசன் என்றால் பயமில்லை அக்கா. சிட்டிசனோடு வெளிநாட்டில் நின்ற நாளும் கணக்கில் வரும்.

ஸ்காபரோ அண்ணன்:
தங்கச்சி, கையெழுத்து வைக்க வேண்டாம்! முடிந்தது காட் மட்டும்தான். பி.ஆர் தானாகப் போகாது. அதிகாரி முடிவெடுத்து, அப்பீல் வழியும் அடைபட்டால்தான் போகும். இல்லாவிட்டால் இப்படி நாமே எழுதிக் கொடுத்தால் போகும். பி.ஆர் உள்ளவருக்கு விசிட்டர் விசா கிடையாது, அதனால்தான் அந்த ஆள் கைவிடச் சொல்கிறார்.

கணக்கு இதுதான்: கடைசி 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் நின்றிருக்க வேண்டும். வருவதற்கு முன் அம்மா அங்கேயே இருந்திருந்தால் இன்றைக்குத் தாராளமாகத் தேறும். மூன்று வருடம் தாண்டவிட்டால் தட்டும். சுன்னாகத்தான் சொன்னது கணவன் மனைவிக்கும், பெற்றோரோடு நிற்கும் பிள்ளைக்கும்தான். வளர்ந்த மகனோடு நின்றதால் அம்மாவுக்கு ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது.

காட் இல்லாமல் கட்டுநாயக்காவில் ஏற்ற மாட்டார்கள். பி.ஆர் டிராவல் டொகியுமென்டுக்கு ஒன்லைனில் போடுங்கள், 50 கனடா டொலர். அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் சேருங்கள். நாள் குறைந்தாலும் மனிதாபிமானக் காரணம் பார்ப்பார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் அப்பீல்.

கொக்குவில் மகள்:
பெரிய உதவி அண்ணா. இன்னொன்று, வீட்டுக் காணியை அம்மா பேருக்கு எழுதப் போனால் நொத்தாரிசு தயங்குகிறார். பி.ஆர் என்றால் வெளிநாட்டவராம்.

நல்லூரான்:
இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் தடுப்பது வெளிநாட்டவரை. அம்மா இன்னும் இலங்கைப் பிரஜை, அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் காட்டுங்கள். கனடா சிட்டிசன் ஆனால்தான் சிக்கல். அதற்கு முன்பே இலங்கைப் பிரசாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்க வேண்டும்.

கொக்குவில் மகள்:
சரி. கனடாவில் இருந்தபோது இடையில் லண்டன் போய் வந்தவர், அதையும் கழிக்க வேண்டுமா?

ஸ்காபரோ அண்ணன்:
ஓம், கழியுங்கள். ஆனால் புறப்பட்ட நாளும் திரும்பி இறங்கிய நாளும் கனடாவில் நின்ற நாளாகவே எண்ணப்படும். பழைய பாஸ்போட்டையும் தேடி எடுங்கள், முத்திரை அதில்தான் இருக்கும்.