பிள்ளைய எங்க விட்டுட்டு வேலைக்குப் போறீங்க? பால்வாடி, க்ரெச் அனுபவம் இருக்கவங்க எழுதுங்க

விழுப்புரம் பொண்ணு:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. பாப்பாவுக்கு சத்துமாவு வாங்க பால்வாடி போனேன். இப்பல்லாம் நோட்டுல கையெழுத்து போட்டு வாங்கிட்டு வர முடியாது தெரியும்ல, போஷன் டிராக்கர்னு பால்வாடிக்கான கவர்மெண்ட் ஆப்ல ஆதார் ஓடிபி, அப்புறம் மூஞ்சி எடுக்கணும். நம்பர் எங்க வீட்டுக்காரர் நம்பர், அவரு ஓசூர்ல ஷிப்ட்ல இருக்காரு, டீ டைம் வரைக்கும் காத்திருந்து போன் போட்டு கேட்டு சொல்லியாச்சு. அடுத்தது மூஞ்சி. டீச்சர் என்னை வெளிய வெளிச்சத்துல நிக்க வச்சு "கண்ண சிமிட்டும்மா, இன்னொரு தடவ சிமிட்டு"ங்கறாங்க, டவர் சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள உதவியாளர் இல்ல, அந்த இடம் ரொம்ப நாளா காலியாவே கிடக்காம். ஒரு பையன், ரெண்டு ரெண்டரை வயசு இருக்கும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே தலைல கவுத்துக்கிட்டு சாம்பார் வழிய நிக்கிறான், சிரிப்பு வேற. சூடா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சொல்லுங்க. டீச்சர் ஒரு கைல அவன் தலைய தொடைக்கிறாங்க, இன்னொரு கைல போன் என் மூஞ்சிக்கு நேரா, கண்ணு ஸ்கிரீன்லயே. கடைசில மேட்ச் ஆகலன்னு வந்துருச்சு, மாவும் கிடைக்கல. கத்தணும்னுதான் இருந்துச்சு, ஆனா அந்தம்மா மேல என்னால கோவமே பட முடியல.

திருப்பூர் டைலர்:
எங்க கம்பெனிலயும் க்ரெச் இருக்குதுங்க. கதவுல யானை, மயிலெல்லாம் பெயிண்ட் பண்ணி இருக்கும், பூட்டும் இருக்கும். துணி ஆர்டர் குடுக்கற பையர் கம்பெனில இருந்து ஆடிட் வருதுன்னா முந்தின நாளே சூப்பர்வைசர் லைன் லைனா வந்து "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கறவங்க நாளைக்கு தூக்கிட்டு வாங்க"ம்பாரு. ஒரு தடவ எம்பையனக் கூட்டிட்டுப் போனேன். தொட்டில், பாய், பொம்மை எல்லாம் புதுசு, பொம்மைல பிளாஸ்டிக் கவர் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவன் கவரோடவே அந்த காரை தரையில ஓட்டிட்டு கெடந்தான், ஆடிட்டுக்கு வந்த மேடம் அதப் போட்டோ புடிச்சுட்டு "வெரி நைஸ்"ன்னாங்க. அவங்க வண்டி கேட்டைத் தாண்டினதும் காரைப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. அதுக்கப்புறம் தினமும் காலைல "அம்மா, கம்பெனிக்கு நானும் வரட்டா"ங்கறான். எங்க மாமியார்கிட்ட விட்டுட்டுத்தான் இப்ப போறேன், அவங்களுக்கு ஒரு கண்ணு சரியா தெரியாது.

தாம்பரம் தாத்தா:
பேரனை எங்க ஏரியால ஒரு ப்ளே ஸ்கூல்ல சேர்த்தோம். கூட்டிட்டு வரப் போனா டிவி முன்னாடி இருபது பிள்ளைங்க வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கு, ஒரு பொண்ணு மட்டும் ஓரமா போன் பாத்துட்டு இருக்கு. அன்னியோட நிறுத்தியாச்சு, இப்ப நானே பாத்துக்கறேன். அது கிடக்கட்டும், திருப்பூர் தங்கச்சிக்கு ஒண்ணு சொல்றேன், நான் ஃபேக்டரில ஆபீஸ் வேலை பாத்தவன். பழைய 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 30 பெண்களுக்கு மேல வேலை பாத்தா ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு அறை இருக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் 2017ல பேறுகால சட்டத்தைத் திருத்துனப்ப, ஆம்பள பொம்பள சேத்து 50 பேர் இருந்தாலே க்ரெச் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பிள்ளைய பாத்துட்டு வரலாம்னு கொண்டு வந்தாங்க. 30 பெண்கள், 50 பேர்ங்கற ரெண்டு கணக்கையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு பெட்டிஷன் எழுதுங்க, பதிவுத் தபால்ல அனுப்புங்க, ரசீதை பத்திரமா வைங்க, ஒரு காப்பி கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாள்ல குடுங்க. விழுப்புரம் பொண்ணு, நீயும் உன் பேர்லயே ஒரு சிம் வாங்கி ஆதார்ல அதை மாத்திக்கோ. எல்லாத்துக்கும் கவர்மெண்டையே குறை சொன்னா எப்படி, எங்கம்மா அஞ்சு பிள்ளைய வளர்த்தாங்க, எந்த க்ரெச்சும் கிடையாது.

திருப்பூர் டைலர்:
@தாம்பரம் தாத்தா பெட்டிஷன் போட்டா அடுத்த நாளே நான் லைன்ல இருக்க மாட்டேனுங்க. உங்கம்மா அஞ்சு பேரை வளர்த்தாங்க சரி, மூத்த அக்கா பள்ளிக்கூடம் போனாங்களான்னு கேட்டுப் பாருங்க.

சின்ன டீச்சர்:
நான் அங்கன்வாடி பணியாளர். சொந்த சென்டர் போக இன்னொன்னும் கூடுதல் பொறுப்பு பாக்குறேன், அதனால விழுப்புரம் தங்கச்சி எழுதினத படிச்சதும் நம்ம கதைன்னு தோணுச்சு. ஆனா எனக்கு உறுத்துறது வேற. காலைல நான் போய் கதவு தொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வாசப்படில ஒரு மூணு வயசுப் பொண்ணு உக்காந்திருக்கு, பக்கத்துல ஆறு வயசு அக்கா, யூனிபார்ம் போட்டு பையும் மாட்டிட்டு. அம்மா சித்தாளு, ஏழு மணிக்கெல்லாம் ஸ்டாண்டுல நின்னாத்தான் மேஸ்திரி கூட்டிட்டுப் போவாரு. பெரியவ "டீச்சர் வந்தாச்சு, நான் போகட்டா"ன்னு கேட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடுறா. சாயங்காலம் நாங்க பூட்டுனா மறுபடி அவ இடுப்புலதான் தங்கச்சி. அவ டீச்சர் திட்டுறாங்களாம் லேட்டா வர்றன்னு. நாங்க வாரத்துக்கு மூணு முட்டை போடுறோம், எடை பாக்குறோம், பாட்டு சொல்லிக் குடுக்குறோம், எல்லாம் சரி. அம்மாவோட வேலை நேரத்துக்கும் எங்க நேரத்துக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்காக எங்களையே காலைல ஏழுல இருந்து ராத்திரி ஏழு வரைக்கும் இருங்கன்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க, இந்தச் சம்பளத்துல ஒரு ஆளு எவ்ளோதான் பாக்குறது. ரெண்டாவது ஷிப்டுக்கு தனி ஆளு போடணும். ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளை விட்டுட்டுப் போக எங்க சென்டர்ல தொட்டில்கூட கிடையாது.

ஹட்டன் பிள்ளை:
நான் இலங்கை மலையகம். எங்க தேயிலைத் தோட்டத்துல பிள்ளைகளை விட்டுட்டுப் போற இடத்தை பிள்ளைக்காம்பரான்னு சொல்லுவோம், போர்டுல மட்டும் சிறுவர் அபிவிருத்தி நிலையம்னு போட்டிருக்கு. கைப்பிள்ளையைக்கூட விடலாம், மலைக்குப் போற நேரத்துக்குத் தொறந்திருக்கும். ஒரு நாள் என் தங்கச்சி மகளைப் பாக்க அங்க போயிருந்தேன். மழை. பறிச்ச கொழுந்தைப் பகல்ல நிறுத்துக் குடுத்து முடிச்சு ஒரு அம்மா பால் குடுக்க ஓடி வந்தாங்க, கூடைக் கயிறு இன்னும் தலையிலதான், கால்ல அட்டை கடிச்சு ரத்தம் வழியுது, அதைக் கவனிக்காமலே பிள்ளைய மடியில போட்டுட்டாங்க. பிள்ளைய பாத்துக்கிற அக்கா குனிஞ்சு உப்பு போட்டு அட்டையை எடுத்து விட்டாங்க. பேச்சே இல்ல, தினமும் நடக்கிற வேலை மாதிரி. எங்க பாட்டி காலத்துலயே இந்த காம்பரா இருந்திச்சு. கொழுந்து வேணும்னா அம்மா மலையில நிக்கணும், அதுக்கு பிள்ளையைப் பாக்க ஆள் வேணும்னு தோட்டத்துக்காரனுக்கு தெரிஞ்சிருக்கு. குறை இல்லாமலும் இல்ல, இப்ப நிறைய அம்மாமார் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டாங்க, அந்தப் பிள்ளைகள் பாட்டிமார்கிட்டதான்.

கரிசல்காட்டான்:
தோட்டத்தை சொன்னதும் ஞாபகம் வருது. நூறு நாள் வேலை சட்டத்துல, ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு பிள்ளையோ அதுக்கு மேலயோ கூட வந்தா, வேலைக்கு வந்த பொம்பளைல ஒருத்தர பிள்ளை பாக்க விட்டு அவங்களுக்கும் கூலி குடுக்கணும்னு இருந்துச்சு. எங்க ஊரு கண்மாய்ல மதினி ஒருத்தி வேம்புல தூளி கட்டிட்டு வேலை பாத்தா, இன்னும் ஏழெட்டு பொடிசு நிழல்ல கெடக்கும். ஒரு வயசான பாட்டியை பாத்துக்கச் சொல்லி நாங்களே உக்கார வச்சோம். கட்டெறும்பு ஏறாம தூளிக் கயித்துல மண்ணெண்ண துணிய சுத்தி விட்டதே அந்தப் பாட்டிதான். சாயங்காலம் போட்டோ எடுக்குறப்ப பணித்தளப் பொறுப்பாளர் "இந்தக் கெழவி ஒரு கூடை மண்ணு அள்ளலயே, இதுக்கு எதுக்கு வருகைப்பதிவு"ன்னு பேரை அடிச்சுட்டாரு. சட்டத்தை எடுத்துச் சொன்னேன், "அதெல்லாம் மேல இருந்து எழுத்துல வரணும்"னுட்டாரு. பாட்டி மறுநாள் வரல. பொடிசுகளை பாக்க மதினிதான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தா.