கிகேட்ல டிஆர்சி பாஸ், ஆனா 3000 ஆர்பிஎம் தாண்டினா சிங்க் லாஸ் – ஸ்பீடுயினோ போர்டு, உதவி பண்ணுங்க

மூணு_சிலிண்டர்:
வணக்கம் மக்களே. பழைய கார்புரேட்டர் மாருதி 800 ஒண்ணை இன்ஜெக்ஷனுக்கு மாத்திட்டிருக்கேன், ஈசியு-வுக்கு (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) ஸ்பீடுயினோங்கற ஓப்பன் சோர்ஸ் சர்க்யூட்டை எடுத்து, போர்டு வரையற சாஃப்ட்வேர் கிகேட் 8-ல நானே போர்டு வரைஞ்சு அடிச்சு வாங்கிட்டேன். அதே ஆர்டுயினோ மெகா 2560, விஆர் சென்சாருக்கு (கிராங்க்கோட சுத்தற பல் சக்கரத்தை பாக்கறது) மேக்ஸ் 9926 சிப், மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தம் பாக்கறது) எம்பிஎக்ஸ் 4250, எல்லாம் ஒரிஜினல்ல இருக்கறபடிதான். மாத்தினது ஒரே ஒரு எடம். ஒரிஜினல் போர்டு இக்னிஷனுக்கு சிக்னல் மட்டும்தான் குடுக்கும், காயிலை ஓட்ட வெளிய இக்னைட்டர் வேணும், அந்த வயரிங்கை மிச்சம் புடிக்கலாம்னு மூணு காயிலுக்கும் மூணு ஐஎஸ்எல்9வி3040 ஐஜிபிடி-யை (காயில் கரண்டை போட்டு வெட்டற ஸ்விட்ச்) போர்டு மேலயே வச்சுட்டேன்.

டேபிள்ல ஆர்டு-ஸ்டிம் (போலி சென்சார் சிக்னல் தர்ற கருவி) வச்சு 36-1 சிக்னல் (36 பல்லுல ஒண்ணு இல்லாத சக்கரம் தர்றது) குடுத்தா 8000 ஆர்பிஎம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. வண்டில மாட்டினா ஸ்டார்ட் ஆகுது, ஐடிலும் நல்லா நிக்குது, 3000 தொட்டதும் சிங்க் லாஸ் (பல் கணக்கு தப்பி, கிராங்க் எங்க நிக்குதுன்னு ஈசியு-வுக்கு தெரியாம போறது) கவுன்ட்டர் கிடுகிடுன்னு ஏறுது, இன்ஜின் குலுங்குது, சில நேரம் யுஎஸ்பி-யே அறுந்து லேப்டாப்ல ஓடற டியூனிங் சாஃப்ட்வேர் டியூனர்ஸ்டுடியோ ஆஃப்லைன் போயிடுது. ட்ரிகர் ஃபில்டர் (ரொம்ப சீக்கிரம் வர்ற பொய் பல்லை ஒதுக்கறது) மீடியம்ல இருக்கு. டிஆர்சி-ல (வரைஞ்ச போர்டை கிகேட் விதிப்படி செக் பண்றது) எரர் ஜீரோ. லேஅவுட் படம் போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க.

சால்டர்புகை:
படத்தை அப்புறம் பாக்கறேன், மொதல்ல மூணு கேள்வி. டூத் லாகர்ல (பல்லுக்கு பல்லு ஆகற நேரத்தை பாரா காட்டறது) பல்லு இல்லாத எடத்துல ஒரே ஒரு உயரமான பார் வருதா, இல்ல பக்கத்துல அரைகுறை உயரத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு சேந்து வருதா? அப்படி சேந்து வந்தா விஆர் வயர் ரெண்டும் தலைகீழா இருக்குன்னு அர்த்தம். ஸ்பார்க் பிளக் நம்பர்ல, ரெசிஸ்டர் பிளக்குன்னு காட்டற ஆர் இருக்கா (பிபிஆர்6ஈஎஸ் மாதிரி)? லேப்டாப் சார்ஜர்ல ஓடுதா பேட்டரிலயா?

மூணு_சிலிண்டர்:
ஒரே பார்தான் ப்ரோ, சுத்தமா இருக்கு. பிளக்ல ஆர் இல்ல. சார்ஜர் மாட்டித்தான் இருந்துச்சு.

சால்டர்புகை:
அப்போ வயர் சரி. ரெசிஸ்டர் பிளக் மாட்டுங்க, சார்ஜரை கழட்டிட்டு பாருங்க, யுஎஸ்பி அறுந்து போறது பாதி அதுலயே போயிடும். சிங்க் லாஸ் போகும்னு நான் சொல்ல மாட்டேன்.

எர்த்து_பைத்தியம்:
படத்தை பெருசு பண்ணி பாத்துட்டேன். உங்க மூணு ஐஜிபிடி எமிட்டரும் (கரண்ட் வெளிய போற கால்) அடி லேயர்ல இருக்கற ஜிஎன்டி, அதாவது கிரவுண்டு காப்பர் ஃபில்லுக்கு போகுது. அந்த ஃபில் கனெக்டர் கிரவுண்டு பின்னுக்கு போற வழியில, இக்னிஷன் ட்ராக் ரெண்டு குறுக்க ஓடறதால, ஒரு நாலு மில்லிமீட்டர் சந்துக்குள்ள நுழைஞ்சு வருது. அந்த சந்துல யாரு உக்காந்திருக்கா பாருங்க, மேக்ஸ் 9926. விஆர் நெகட்டிவும் அங்கயேதான் ஜிஎன்டி-ல இறங்குது.

காயில்ல 7 ஆம்பியர் ஓடிட்டிருக்கும்போது ஐஜிபிடி அதை ஒரு ரெண்டு மைக்ரோசெகண்ட்ல வெட்டுதுன்னு வைங்க. ஒரு மீட்டர் கிரவுண்டு வயருக்கு சுமாரா 1 மைக்ரோஹென்றி, கணக்கு போட்டா 3.5 வோல்ட் வருது. அதாவது ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் உங்க போர்டோட கிரவுண்டு இன்ஜின் பிளாக்கை விட்டு அவ்வளவு எகிறி குதிக்குது, அந்த குதியல் விஆர் சிப்போட காலடியில நடக்குது. கிகேட்டுக்கு அது எல்லாமே ஜிஎன்டி-ங்கற ஒரே நெட் (ஒண்ணா இணைஞ்ச கனெக்ஷன்). ஒட்டிருக்கா, இடைவெளி விட்டிருக்கா, அவ்வளவுதான் டிஆர்சி பாக்கும். கரண்ட் எந்த வழியா வீட்டுக்கு திரும்புதுன்னு அதுக்கு என்ன தெரியும்?

ஐடில்ல ஏன் தப்பிக்குதுன்னா, 800 ஆர்பிஎம்-ல பல்லுக்கு பல்லு 2 மில்லிசெகண்டுக்கு மேல இருக்கு, மீடியம் ஃபில்டர் அதுல பாதி வரைக்கும் வர்ற குப்பையை தூக்கி போட்டுடும். 3000-ல இடைவெளியே 0.55 மில்லிசெகண்ட்தான். ஸ்பார்க் அணையறப்போ வர்ற ரிங்கிங் ஒரு மில்லிசெகண்ட் கழிச்சு வரும், அதை ஃபில்டர் பல்லுன்னு நம்பிடுதுன்னு நினைக்கிறேன். டேபிள்ல காயில் இல்ல, அதான் அங்க ஒண்ணும் தெரியல.

நம்பறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்: பழைய டிஸ்ட்ரிப்யூட்டர் இன்னும் இன்ஜின்ல இருந்தா ஸ்பார்க்கை அதுக்கே குடுத்துட்டு போர்டை ஃபியூவல் மட்டும் பண்ண விடுங்க.

மூணு_சிலிண்டர்:
டிஸ்ட்ரிப்யூட்டர் இருக்குங்க, கழட்டவே இல்ல. பண்ணி பாத்தாச்சு, 5000 வரைக்கும் சிங்க் லாஸ் ஜீரோ! திரும்ப ஐஜிபிடி-க்கு மாத்தி ரெசிஸ்டர் பிளக்கோட ஓட்டினேன், யுஎஸ்பி இப்போ அறுந்து போகல, ஆனா சிங்க் லாஸ் அப்படியே வருது. அப்போ அடுத்த போர்டுல கிரவுண்டை ரெண்டா வெட்டி அனலாக் தனி பவர் தனின்னு போட்டுடவா?

சால்டர்புகை:
வெட்டுங்க, அதான் வழக்கம்.

எர்த்து_பைத்தியம்:
இதுல எனக்கு உடன்பாடு இல்லங்க. கிரவுண்டு பிளேனை (அந்த காப்பர் ஃபில்லை) கத்தி வச்சு வெட்டினா அந்த வெட்டு மேல நாளைக்கு ஒரு சிக்னல் ட்ராக் தாண்டும், இதை விட மோசமாகும். பிளேன் முழுசா இருக்கட்டும், பெரிய கரண்ட் ஓடற பார்ட்டெல்லாம் கனெக்டர் ஓரமா தள்ளுங்க. எமிட்டருக்கு மட்டும் பிஜிஎன்டி (பவர் கிரவுண்டு)-ன்னு தனி நெட் பேரு குடுத்து தனி பின் வழியா நேரா பிளாக்குக்கு கொண்டு போங்க, ஜிஎன்டி-யோட ஒரே எடத்துல நெட்-டை ஃபுட்பிரிண்ட் (ரெண்டு நெட்டை வேணும்னே சேக்கற பார்ட்) வச்சு சேருங்க. பேரு வேறன்னு ஆனதும் தெரியாம ஒட்டினா டிஆர்சி கத்தும், இப்போ அது உங்களுக்காக வேலை செய்யும்.

இன்னொண்ணு, இது தான் பயமா இருக்கு. ஐஜிபிடி கலெக்டர் (காயில் வந்து சேர்ற கால்) ட்ராக்ல 400 வோல்ட் வரைக்கும் எகிறும், உங்க படத்துல அதுக்கு பக்கத்துலயே 0.2 மிமீ தள்ளி கூலண்ட் சென்சார் ட்ராக் போகுது. போர்டு டிசைன் ஸ்டாண்டர்டு ஐபிசி-2221 படி கோட்டிங் இல்லாத வெளி லேயர்ல அந்த வோல்டேஜுக்கு 2.5 மிமீ வேணும். போர்டு செட்டப்ல கலெக்டருக்கு தனி நெட்கிளாஸ் (அந்த நெட்டுக்கு மட்டும் தனி விதி) போட்டு கிளியரன்ஸ் குடுங்க. ட்ராக் அகலத்துக்கு கிகேட்லயே கால்குலேட்டர் இருக்கு, 5 ஆம்பியருக்கு ஒரு அவுன்ஸ் காப்பர்ல 10 டிகிரி ஏத்தம்னா 2.8 மிமீ கிட்ட காட்டும்.

மூணு_சிலிண்டர்:
2.5 மிமீ குடுத்து பாத்தேன், டிஆர்சி செவப்பா கொட்டுது. ட்ராக்கை நகத்திடலாம், ஆனா கனெக்டரே 3 மிமீ பிட்ச், பேடுக்கும் பேடுக்கும் நடுவுல 2 மிமீ கூட இல்ல. ஒரு பின் விட்டு ஒரு பின் யூஸ் பண்ணா பின் பத்தல.

சால்டர்புகை:
அப்புறம் எதுக்கு தலைவா இந்த போராட்டம், ஐஜிபிடி-யை தூக்கி வெளிய போடுங்க. இக்னைட்டர் உள்ளயே இருக்கற காயில் மூணு பழைய மார்க்கெட்ல எடுத்து மாட்டினா போர்டுல இருந்து வெறும் 5 வோல்ட் சிக்னல்தான் போகும், 7 ஆம்பியர் போர்டு பக்கமே வராது.

மூணு_சிலிண்டர்:
சரி, அப்படியே போறேன். ஐஜிபிடி இருந்த எடத்துல இக்னைட்டருக்கு சிக்னல் தர்ற டிசி4424 டிரைவரை கனெக்டர் கிட்ட நகத்திட்டேன், விஆர் ரெண்டு வயரும் ஜோடியா நேரா மேக்ஸுக்கு. இன்ஜெக்டர் ஹை இம்பீடன்ஸ், ஒண்ணுக்கு ஒரு ஆம்பியர் கிட்டதான், அதுக்கு பிஜிஎன்டி வேணுமா?

எர்த்து_பைத்தியம்:
தனி பின் குடுத்துடுங்க, செலவு ஒண்ணும் இல்ல. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கிகேட் ஃபைலை இங்க போடுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணாம், ஃபைலே வேணும். ஜிஎன்டி-யை ஹைலைட் பண்ணி ஒரு தடவை நான் நடந்து பாத்துடறேன்.